ஸ்பேனரா, ரசீதா?

விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தின் வாசலில் சற்று நேரம் நின்றால், கோலார் தங்கவயலின் இன்றைய வாழ்வு எதை நம்பி ஓடுகிறது என்பது விளங்கிவிடும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்தும் சாம்பியன், கோரமண்டல் குடியிருப்புகளிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பூட்டிவிட்டு ஓடுகிறவர்கள் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் உழைப்பு வெளியூர்களை நாடவேண்டியதாயிற்று. காலையில் வண்டி ‘ஸ்டார்ட்’ ஆகவில்லை என்றால் ரயில் போய்விடும். ரயில் போய்விட்டால் அன்றைய கூலியும் போய்விடும்.

இருசக்கர வாகனக் கடனுக்காக வங்கிக்கு வருகிறவர்கள் வட்டி விகிதத்தைப் பற்றியும் தவணையைப் பற்றியும் நுணுக்கமாகக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால், வண்டி வாங்கிய பின் ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்புச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. அந்தச் செலவில் எதை நாமே ஸ்பேனர் பிடித்துக் குறைத்துக்கொள்ளலாம், எதை விற்பனையாளரின் பணிமனையில் பணம் கட்டி ரசீது வாங்கிச் செய்துகொள்ளவேண்டும் என்பதை, தங்கவயலை முன்வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம்.

தங்கவயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கருவிகளோடு பழகிய கைகள் நிறைந்த ஊர் இது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை இங்கே நிலைநிறுத்தினர். 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததுகூட அதற்குப் பிறகுதான். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கின. 1964-இல் தோன்றிய பெமல் தொழிற்சாலையும் அந்தத் திறமைக்கு இடமளித்தது. எனவே, ‘வண்டியை ஏன் கடையில் விடவேண்டும், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று இங்கே ஒருவர் சொன்னால் அதை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. பூமிக்கு அடியில் கம்ப்ரசரைப் பழுது பார்த்தவருக்கு நூறு சிசி வண்டி ஒரு பொருட்டா?

ஆனால் அதே சுரங்கம் வேறொன்றையும் கற்றுக்கொடுத்திருக்கிறது. தொழிலாளரை இறக்கி ஏற்றும் கூண்டையும், அதைத் தாங்கும் கம்பிவடத்தையும், சுற்றும் இயந்திரத்தையும் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் அதற்கென்று நியமிக்கப்பட்ட தகுதியுள்ளவர் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்திடவேண்டும் என்பது சுரங்க விதி. கூண்டில் ஏறுகிறவர் எவ்வளவு கைதேர்ந்த பிட்டராயினும், தன் வடத்தைத் தானே பார்த்துக்கொண்டு இறங்குவதில்லை. சில வேலைகளை நாமே செய்யலாம். சிலவற்றை இன்னொருவரின் கண் பார்த்தாகவேண்டும். மோட்டார் சைக்கிளிலும் இந்தப் பிரிவினைதான் முதலில் செய்துகொள்ளவேண்டியது. சிக்கனக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

இரண்டு வண்டிகள், இரண்டு கணக்குகள்

தங்கவயலில் இருவரை நினைத்துக்கொள்வோம். ஒருவர் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் நிலையம் வரை மட்டும் வண்டியில் போய் ரயில் ஏறுகிறவர். போக வர ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் கோலாரை அடுத்த நரசாபுரம் தொழிற்பேட்டைக்கு வண்டியிலேயே போகிறவர். (2013-இல் ஹோண்டா நிறுவனத்தின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும் இந்த நரசாபுரத்தில்தான்.) போக வரத் தொண்ணூறு கிலோமீட்டர் என்று கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் முன்னவர் ஆண்டுக்கு 1,800 கிலோமீட்டர் ஓட்டுகிறார். பின்னவர் 27,000 கிலோமீட்டர்.

இனி ஒரு கணக்கு. தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ரசீதில் உள்ள தொகையை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சர்வீசுக்கு உழைப்புக் கூலி ரூ.450, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.81, ஆக ரூ.531. என்ஜின் ஆயில், வடிகட்டி முதலியவற்றை எங்கே செய்தாலும் வாங்கத்தான் வேண்டும். எனவே அவற்றை விட்டுவிடலாம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் நரசாபுரத்துக்காரருக்கு ஆண்டுக்கு ஒன்பது சர்வீஸ். கூலி மட்டும் ரூ.4,779. நிலையத்துக்காரருக்கு நான்கு மாதத்துக்கு ஒன்றாக மூன்று சர்வீஸ், ரூ.1,593. நல்ல ஸ்பேனர் செட், சாக்கெட், திருகுவிசை காட்டும் டார்க் ரென்ச் எல்லாம் சேர்த்து ரூ.2,500 என்று கொண்டால், அந்த முதலீடு நரசாபுரத்துக்காரருக்கு ஆறு மாதத்திற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் திரும்பிவிடும். நிலையத்துக்காரருக்குப் பத்தொன்பது மாதம் ஆகும்.

ரசீதில் எழுதப்படாத செலவு ஒன்றும் இருக்கிறது. வார நாளில் வண்டியைப் பணிமனையில் விட்டால் அரை நாள் விடுப்பு அல்லது ஆட்டோ வாடகை. நாள் கூலி ரூ.700 பெறுகிறவருக்கு அரை நாள் ரூ.350, இதையும் சேர்த்தால் கடையில் விடுவதன் உண்மையான விலை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். வாராந்திர விடுமுறையில் திறந்திருக்கும் பணிமனை கிடைத்தால் இந்தச் செலவு இல்லை. ஆகவே கூலியில் பேரம் பேசுவதைவிட, எந்தக் கிழமை விடுவது என்று கேட்பது பலருக்கும் அதிக லாபம் தரும்.

இங்கேதான் சிக்கல். கணக்கின்படி தானே வேலை செய்து அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடியவர் நரசாபுரத்துக்காரர். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தினமும் வேகமாக ஓட்டுகிறவரும் அவரே. ஒரு நட்டு தளர்ந்திருந்தால் நிலையத்துக்காரரின் வண்டி தெருமுனையில் சத்தமிடும். இவருடையது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சத்தமிடும். மிச்சம் மிகும் இடத்தில்தான் தவறின் விலையும் மிகுகிறது. எனவே ‘நானே செய்வதா, கடையில் விடுவதா’ என்று முழு வண்டிக்கும் ஒரே விடை தேடுவது சரியாகாது. வேலைக்கு வேலை தனித்தனியே தீர்மானிக்கவேண்டும்.

நம் கைக்கு அடங்கியவை

தவறு செய்தால் வண்டி நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும் வேலைகள் நமக்குரியவை. டயர் காற்றழுத்தம், பேட்டரி முனைகளைத் துடைத்து கிரீஸ் தடவுதல், கிளட்ச் கேபிளின் தளர்ச்சி, பல்பு, ஸ்பார்க் பிளக் ஆகியவை இவ்வகை. ஆயில் மாற்றுவதும் இதில் அடங்கும். பெரும்பாலான நூறு சிசி வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலே போதும். வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடாக்கி, அடிப்போல்ட்டைக் கழற்றி, முழுதும் வடியவிட்டு, கையேட்டில் சொன்ன அளவு ஊற்றவேண்டியதுதான்.

இதில் எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்களுள் ஒருவர் முதல்முறை ஆயில் மாற்றியபோது, கசியக்கூடாதே என்ற அக்கறையில் அந்தப் போல்ட்டை உடல் பலம் முழுவதும் கொண்டு இறுக்கினார். என்ஜினின் அடிப்பகுதி அலுமினியம்; போல்ட்டோ எஃகு. அலுமினியத்தின் மரை அரைபட்டுப் போயிற்று. லேத் பட்டறையில் புது மரை போட்டு, புதுப் போல்ட் வாங்கி, மறுபடி ஆயில் ஊற்றி முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த கூலியைப் போல் ஐந்து மடங்கு செலவாயிற்று. மூன்று நாள் வண்டியும் இல்லை. மேலே கணக்கில் டார்க் ரென்ச்சைச் சேர்த்தது இந்த அனுபவத்தால்தான்.

நிலையத்துக்காரருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கிலோமீட்டர் குறைவுதானே என்று ஆயிலை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடக்கூடாது. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூட்டை அடைவதில்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்துவிடுகின்றன. பேட்டரியும் ‘ஸ்டார்ட்’ செய்யச் செலவிட்ட மின்சாரத்தைத் திரும்பப் பெறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கையேடுகள் கிலோமீட்டரோடு மாதத்தையும் குறிப்பிட்டு ‘எது முந்தியதோ அது’ என்று சொல்வதை இப்படிப்பட்டவர்கள்தாம் ஊன்றிப் படிக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பேத்தமங்கலம் வரையிலாவது ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவருவது வண்டிக்கும் நல்லது. வீட்டாருக்கும் ஒரு பயணமாகும்.

தங்கவயலுக்கென்றே உரிய பகைவன் தூசி. பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய பாறைப்பொடி கோடிக்கணக்கான டன் அளவில் சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றிக் குவிந்திருக்கிறது. காற்றுக் காலத்தில் அதிலிருந்து எழும் பொடி மாவைப் போல் நுண்ணியது. ஆனால் அரைபட்ட பாறை அல்லவா? என்ஜினுக்குள் புகுந்தால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதைத் தடுப்பது ஏர் ஃபில்டர் ஒன்றே. கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் பொதுவான சாலைகளுக்கானது. புழுதி மிகுந்த இடங்களில் முன்னதாகவே பார்க்கவேண்டும் என்று அதே கையேடு அடியில் சிறிய எழுத்தில் சொல்லியிருக்கும். ஃபில்டர் பஞ்சு வகையாயின் கழுவிக் காயவைத்து, சொன்ன ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய்ப் பூச்சுள்ள காகித வகையாயின் கழுவவும் கூடாது, காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். திருப்புளி ஒன்றிருந்தால் போதுமான இந்த வேலைதான் என்ஜினின் ஆயுளை மிகுதியும் காக்கிறது.

செயின் இரண்டுக்கும் நடுவே நிற்பது. துடைப்பதும் எண்ணெய் விடுவதும் யாரும் செய்யலாம். பெட்ரோலால் கழுவுவதை மட்டும் தவிர்க்கவேண்டும். தொங்கலைச் சரிசெய்யும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில் கையேடு சொல்லும் அளவு வைக்கவேண்டும். இருபக்கக் குறிகளும் சமமாக இருக்கவேண்டும். பின்சக்கர அச்சு நட்டை இறுக்கியதை வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது வெட்கத்துக்குரியதன்று. நரசாபுரத்துக்காரர் இதை வழக்கமாகவே கொள்ளலாம்.

பிறர் கண் வேண்டியவை

பிரேக், ஸ்டீயரிங் பேரிங், முன் ஃபோர்க், சக்கரக் கம்பிகள் ஆகிய இவை மோட்டார் சைக்கிளின் கம்பிவடம். இவற்றில் நேரும் பிழை வண்டி நிற்கும்போது தெரியாது. டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. அதனால்தான் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும்போது குழாயில் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டாலும் லீவர் கைப்பிடி வரை இறங்கிவிடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு பிரேக்குகளையும் இணைக்கும் சிபிஎஸ். இவற்றை ஒழுங்காகச் சோதிக்கும் கருவி வீட்டில் இருக்காது.

என்ஜினிலும் காலம் மாறிவிட்டது. கார்புரேட்டர் வண்டியில் காதும் திருப்புளியும் இருந்தால் ஓட்டச் சீரைச் சரிசெய்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகு விற்பனையாகும் வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே எரிபொருளைக் கணினி கணக்கிட்டுப் பீச்சுபவை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் குறியீட்டைப் படிக்கும் கருவி வேண்டும். உணரிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பது பணிமனைக் கட்டணத்தைவிட அதிகச் செலவில் முடியும். இங்கே ரசீதே மலிவு.

ஆனால் விற்பனையாளரே இல்லாமல் போனால்? கருநாடகத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் ஜாவா வண்டிகளையும், பின்னர் எஸ்டி வண்டிகளையும் செய்தது. 1996-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. பணிமனையும் உத்தரவாதமும் இல்லாத நிலையில் அந்த வண்டிகள் குப்பைக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. உரிமையாளர்களும் தெருவோர மெக்கானிக்குகளும் பழைய பாகங்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றை ஓடவைத்தனர். 2018-இல் ஜாவா என்ற பெயரும், 2022-இல் எஸ்டி என்ற பெயரும் புது வண்டிகளில் திரும்பி வந்ததற்கு அந்தப் பற்றும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம். நிறுவனம் மூடிய பின்னும் ஓடிக்கொண்டிருப்பது எப்படி என்று தங்கவயல்காரருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: அவை எளிய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள், திறந்து பார்த்தால் புரிபவை. இன்றைய வண்டிகள் அப்படித் திறந்து காட்டுபவை அல்ல.

உத்தரவாதமும் காப்பீடும்

உத்தரவாதக் காலம் முடியும்வரை, குறிப்பிட்ட சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் செய்து புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. ‘இலவச சர்வீஸ்’ என்பது கூலிக்கு மட்டும். ஆயிலுக்குப் பணம் உண்டு. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் சட்டமொன்று, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ பணியையோ காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் என்று கட்டுப்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்காதபடி செய்ததாகப் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது, மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையவாயிலைத் தொடங்கியது; வாகனங்களும் அதில் அடங்கும். காற்று நுகர்வோர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆயினும் உங்கள் கையிலுள்ள உத்தரவாதப் புத்தகம் சொல்வதைத்தான் இன்றைக்கு நீங்கள் பின்பற்றவேண்டும். பணிமனையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பணிமனையில் விடும்போது மூன்று வழக்கங்களை நாங்கள் வலியுறுத்துவோம். வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அதைத் தாண்டினால் தொலைபேசியில் கேட்ட பிறகே செய்யவேண்டும் என்று அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். தேய்ந்ததா, இல்லையா என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

விபத்தில் சேதம் நேர்ந்தால் மட்டும் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம். முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்வையிட்ட பிறகே பிரிக்கவேண்டும். முன்னதாகக் கழற்றிவிட்டால் சேதத்தை மெய்ப்பிக்க வழியின்றிப் போகும். சாதாரணச் சொந்தச் சேதக் காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்தே தருவார்கள். சிறு கீறல், உடைந்த இண்டிகேட்டர் போன்றவற்றுக்கு உரிமைகோரினால் இந்தக் கழிவும் உண்டு, கோரிக்கை இல்லாத ஆண்டுக்குரிய சலுகையும் போகும். அவற்றைக் கைக்காசிலேயே மாற்றிக்கொள்வது பெரும்பாலும் ஆதாயம்.

கடன் தீரும்வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இருக்கும். தீர்ந்ததும் தடையின்மைச் சான்று பெற்று, படிவம் 35 கொடுத்து அதை நீக்கிக்கொள்ளவேண்டும். அதற்கிடையே சைலன்சரை மாற்றுவது, வண்டியின் வடிவை மாற்றுவது போன்ற ‘பழுதுகள்’ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணாகலாம். கடன் இல்லாவிட்டாலும் அப்படியே.

பராமரிப்புக்கென்று தனியே பணம் வைப்பது நம்மில் அரிது. நரசாபுரத்துக்காரர் மாதம் ஐந்நூறு ரூபாயும் நிலையத்துக்காரர் இருநூறு ரூபாயும் தொடர் வைப்பில் போட்டுவந்தால், டயரும் செயின் செட்டும் ஒருசேர வரும் மாதத்தில் கந்துவட்டிக்கோ கடன் அட்டைக்கோ போகவேண்டியிராது. ஸ்பேனர் பிடித்து மிச்சப்படுத்திய கூலியையும் அதிலேயே போடலாம்.

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயக் கழிவு, தங்கவயலில் நல்ல தண்ணீரோ ஏற்கெனவே அரிது. புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்துவைக்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கப் போகும்போதே பிரேக்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.